பொலி சொன்ன ஆம்பளைக் குரல்

சவுண்ட் ரெக்கார்டிஸ்டுக்கு முதல் பாடம் வாயை மூடிக்கொண்டிருப்பது. இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்த நான் அதில் தவறியது ஒரே ஒரு நாள். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில்.

மலையக மக்களைத் தேயிலை எப்படி உருவாக்கியது என்று ஓர் ஆவணப்படம். டைரக்டர் கொழும்புத் தமிழர், நல்ல மனிதர். நான் வட்டகொடையில் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். ஆனால் யூனிட்டில் கேட்டவர்களிடமெல்லாம், தலவாக்கலை டவுனில் எங்களுக்குக் கடை இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். லயம் என்று சொன்னால் மதிப்புக் குறையும் என்று பயம். வெட்கங்கெட்ட பயம்.

காலையில் முதல் கொழுந்தைப் பையில் போடும்போது பெண்கள் எல்லோரும் சேர்ந்து 'பொலி' சொல்வார்கள். அன்றைய கொழுந்து பெருக வேண்டும் என்று சொல்கிற வார்த்தை அது. பெண்கள் குரல் மட்டும் வேண்டும் என்று, அவர்களை மேய்க்கிற கங்காணியைத் தள்ளி நிறுத்தியிருந்தோம். நான் பூம் மைக்கைப் பிடித்து நின்றேன்.

"பொலி! பொலி!" என்றார்கள். என் வாயும் "பொலியோ பொலி" என்றது. சின்ன வயதில் அம்மா பின்னால் மலைக்குப் போய்ப் பழகிய வாய்.

டைரக்டர் ஹெட்போனைக் கழற்றினார். "யாருடைய ஆம்பளைக் குரல் அது?"

"கங்காணி சேர். தள்ளி நின்னும் கத்திட்டாரு."

கங்காணி என்னைப் பார்த்தார்.

"சரி, கொழுந்தை வெளியே எடுத்துட்டு இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

மற்றவர்கள் தயங்கித் தயங்கிப் பையைக் கவிழ்த்தார்கள். முத்துலெச்சுமி என்ற அம்மா மட்டும் கவிழ்க்கவில்லை. அன்று பின்னேரம் பேட்டி எடுக்க இருந்ததே அவரைத்தான்.

"பொலி சொல்லிப் போட்டதை யாராச்சும் திருப்பிக் கொட்டுவாங்களா தம்பி? ஒரு நாளைக்கி ஒரு தடவதான். ஒனக்குத் தெரியாதா? நீயுந்தானே சொன்ன. நான் கேட்டேன். எந்தத் தோட்டம் நீ?"

நல்ல வேளையாக டைரக்டர் கேமராப் பக்கம் இருந்தார். நல்ல வேளை என்று அன்று நினைத்தேன்.

"நான் டவுனுங்க. எனக்கு இதெல்லாம் தெரியாது."

அந்த அம்மா பையை மாட்டிக்கொண்டு தன் தேயிலை நிரையில் ஏறிப் போய்விட்டார்.

"ஏன் போறாங்க?" என்றார் டைரக்டர்.

அதுதான் விளக்க வேண்டிய இடம். பொலியைப் பற்றி நான் சொல்லியிருந்தால் அதையே அவர் படமாக எடுத்திருப்பார். ஆனால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாரே. "கொஞ்சம் கோவக்கார அம்மா சேர்" என்றேன். பேட்டிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னேரம் முத்துலெச்சுமியம்மா வேலை முடிந்து, முகம் கழுவி, பச்சைச் சேலை உடுத்தி வந்து நின்றார். காலையில் நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "எப்பங்க என்னையக் கேப்பாங்க? குவைத்துல இருக்கிற மகளுக்குச் சொல்லிட்டேன். அவ அம்மாவ மலையில பாத்து அஞ்சு வருசம் ஆச்சு."

"பேட்டரி முடிஞ்சிருச்சுங்க" என்றேன். பையில் மூன்று பேட்டரி இருந்தது. டைரக்டர் முன்னால் மறுபடி 'எந்தத் தோட்டம் நீ' என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்.

கொழும்பில் முதல் காட்சி முடிந்ததும் சபையில் ஒரு பெண் எழுந்தாள். "உங்க குழுவுல மலையகத்து ஆள் யாராவது இருந்தாங்களா?" டைரக்டர் வருத்தத்தோடு, "இல்லை, அது எங்க குறைதான்" என்றார். அவளுக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். மைக்கை அடுத்தவர் பக்கம் நீட்டினேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். தவறு உங்களுடையது என்றால் அந்த இடத்திலேயே "நான்தான்" என்று சொல்லிவிடுங்கள். எனக்கு ஒரு திட்டோடு போயிருக்கும். குவைத்திலிருந்த அந்த மகள் படத்தைப் பார்த்தாளா, பார்த்துவிட்டு அம்மா எங்கே என்று தேடினாளா, தெரியாது. போய் விசாரிக்க எனக்கு இன்னும் முகமில்லை.