நாற்பத்திரண்டாவது பிரதி

"நீ அனுப்பலைன்னா, ஒன்னோட ஆபீஸ் அட்ரஸ்லேர்ந்து அது எப்படி வந்தது?"

ஜானவியின் அம்மா தெருவில் நிறுத்தி இப்படிக் கேட்டபோது பாகீரதியிடம் பதில் இல்லை. அன்று வலியசாலைத் தெருவில் யாரிடமும் இல்லை. இதை எழுதுபவரிடமும் இல்லை. பதில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஐந்து நாட்கள் ஆயின. அதற்குள் அந்தப் பதிலை ஏறக்குறைய எல்லோரும் தங்கள் கையாலேயே அழித்திருந்தார்கள்.

பாகீரதிக்கு வயது ஐம்பத்தொன்று. கணவர் இறந்த மறு வருஷம் சமூக அலுவலகத்தில் சேர்ந்தாள். அது சர்க்கார் ஆபீஸ் இல்லை. தெருவிலுள்ள எண்பத்தாறு குடும்பங்கள் சேர்ந்து நடத்துவது. கல்யாண மண்டபத்துக்கு நாள் குறிப்பது, உற்சவ அறிவிப்பு எழுதுவது, யார் வீட்டில் யார் தவறினார் என்று மற்றவர்களுக்குத் தெரிவிப்பது எல்லாம் அவள் வேலை. முன்பு பலகையில் நோட்டீஸ் ஒட்டுவாள். ஏழு வருஷமாக ஈ-மெயில். முன்பு அலுவலகத் தலைவராக இருந்த பிச்சுமணியின் மகன் சுமந்த் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருக்கிறான். அவன்தான் அலுவலகத்துக்கு இனாமாக வெப்சைட்டும் மெயில் முகவரியும் அமைத்துக் கொடுத்தவன். அவள் அனுப்பும் அறிவிப்பில் தேதி தவறியதில்லை, பெயர் பிசகியதில்லை. அதனால்தான் அந்தக் கடிதத்தையும் எல்லோரும் நம்பினார்கள்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் அது வந்தது. அடுத்த திங்கட்கிழமை ஜானவிக்கு நிச்சயதார்த்தம். அந்தப் பெண் இரண்டு வருஷத்துக்கு முன்பே பெங்களூரில் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள், சமூகத்தார் இதை அறிந்திருப்பது நல்லது என்று, உற்சவ அறிவிப்பைப் போலவே அடக்கமான நடையில் எழுதியிருந்தது. கீழே பாகீரதியின் பெயர். மேலே அலுவலகத்தின் முகவரி. எழுதியிருந்தது பச்சைப் பொய். ஆனால் வியாழக்கிழமை பிள்ளை வீட்டார் பாலக்காட்டிலிருந்து போன் செய்து, நாள் சரிப்படவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு நாளும் சொல்லவில்லை.

செயலாளர் அனந்த் அவளைக் கூப்பிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கமிட்டி கூடுகிறது, அதற்குள் தான் அனுப்பவில்லை என்று அவள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்றார். பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த இடம். வேலை போவதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்ற பெயரோடு அதே தெருவில் அரிசி வாங்கப் போவதைத்தான் அவளால் தாங்க முடியாது.

திங்கட்கிழமை சைபர் போலீஸிடம் போனாள். யாரோ அவளுக்கு அனுப்பியிருந்த பிரதியை அச்சடித்து எடுத்துப் போயிருந்தாள். அங்கே இருந்த ஷிஜா என்ற மலையாளப் போலீஸ்காரிக்குத் தமிழ் ஓரளவு தெரியும். காகிதத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"சேச்சி, இது உள்ளே இருந்த கடுதாசி மாத்ரம். எனக்குக் கவர் வேணும். கவர்மேலே அல்லே சீல் இருக்கும்?"

ஷிஜா பொறுமையாகச் சொன்னது இதுதான். ஒவ்வொரு மெயிலுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தலைப்பகுதி உண்டு. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பியது, எந்தக் கணக்கின் வழியாக வந்தது, வழியில் எங்கெங்கே நின்றது என்பதெல்லாம் அதில் வரிவரியாகப் பதிந்திருக்கும். அனுப்புநர் இடத்தில் யார் பெயரையும் யாரும் எழுதிவிடலாம். அந்த வரிகள் அத்தனையையும் மாற்றுவது எளிதல்ல. ஆனால் சாதாரணமாக ஃபார்வேர்ட் செய்தால் கடிதம் மட்டும்தான் போகும், அந்த வரிகள் போகாது. நேரடியாக வந்த மெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, ஓரத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, வருவதை அப்படியே சேமித்து அனுப்ப வேண்டும். மெயிலையே இணைப்பாக வைத்து அனுப்பினாலும் சரி. எண்பத்தாறு வீட்டில் ஒரு வீட்டில் கிடைத்தால் போதும் என்றாள் ஷிஜா.

பாகீரதி நம்பிக்கையோடுதான் திரும்பினாள். எண்பத்தாறு பேருக்கு வந்த கடிதம் அல்லவா?

மறுநாள் முதல் வீடு வீடாக ஏறினாள். எல்லா வீட்டிலும் ஒரே கதை. கடிதம் வந்த உடனே பெங்களூரில் இருக்கும் மகளுக்கு, மும்பையில் இருக்கும் மச்சினருக்கு, அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு என்று அனுப்பியிருந்தார்கள். அனுப்பிய கையோடு, இந்த மாதிரி அசிங்கம் நமக்கெதற்கு என்று தங்களிடம் இருந்ததை அழித்திருந்தார்கள். தீட்டைக் கழிப்பதுபோல் குப்பைப் பெட்டியையும் மறக்காமல் காலி செய்திருந்தார்கள். வதந்தி ஊருக்குப் போயிற்று. அது வந்த வழி அழிந்துபோயிற்று. ஒரு மாமி மட்டும் வருத்தப்படுவதுபோல் சொன்னாள்: "நாங்க நல்ல குடும்பமோன்னோ பாகீரதி, அதையெல்லாம் வெச்சுண்டிருக்க மாட்டோம்."

சிலர் உதவி செய்தார்கள். மகளிடமிருந்தும் மச்சினரிடமிருந்தும் திருப்பி வாங்கி அவளுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்தொரு பிரதிகள் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் திறந்து அந்த வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்தாள். எதிலும் இல்லை. தன் பெயரில் எழுதப்பட்ட அந்தப் பொய்யை அவள் நாற்பத்தொரு முறை படிக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை பிச்சுமணி வீட்டுக்குப் போனாள். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் கிழிக்காதவர், எந்த மெயிலையும் அழிக்காதவர். பழைய லேப்டாப்பைத் திறந்தார். படிக்காத மெயில்கள் பதினோராயிரம் இருந்தன. அதற்கு நடுவே அந்தக் கடிதமும் இருந்தது. நேரடியாக வந்தது.

பாகீரதி மூன்று புள்ளிகளை அவரையே அழுத்தச் சொன்னாள். ஏன் என்றும் விளக்கினாள்: சும்மா ஃபார்வேர்ட் செய்தால் பிரயோஜனம் இல்லை, இதுதான் வேண்டும் என்று. திரை முழுக்கப் புரியாத எழுத்துகள் கொட்டின. அலுவலகத்தின் பெயருக்கு எதிரே, உண்மையில் அங்கிருந்து வந்ததா என்ற சோதனையில் தேறவில்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே, உண்மையில் எந்தக் கணக்கில் நுழைந்து அனுப்பினார்கள் என்று இன்னொரு வரி. பிச்சுமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். வரிவரியாகப் பார்த்தே முப்பது வருஷம் பிழைத்த கண்.

"இது சுமந்தோட கம்பெனி பேர்தானே, மாமா?"

அவர் தலையசைத்தார். சுமந்துக்குப் பெண் கேட்டுப் போனபோது ஜானவி வீட்டில் மாட்டோம் என்று சொன்னதையும், சுமந்த் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வந்ததையும் சொன்னார். அலுவலகத்தின் முகவரிப் பட்டியல் முழுக்க அவனிடம் இருந்தது. அப்பாவின் பெயரை அதிலிருந்து எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

பாகீரதி திரையைப் படம் எடுக்கப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடு, பாகீரதி. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன். அப்புறம் நானே அனுப்பறேன். நீ சொன்ன மாதிரியே, முழுசா."

அவர் தலைவராக இருந்தபோதுதான் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. பெற்ற மகனைப் பற்றி இப்படிக் கேள்விப்பட்ட மனுஷனுக்கு அரை நாள்கூடத் தராமல் போவதா என்று நினைத்தாள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் செய்த மிகப் பெரிய தவறு அந்த மரியாதைதான்.

மாலை ஐந்து நாற்பதுக்கு மெயில் வந்தது. 'கேட்டபடி அனுப்பியுள்ளேன்' என்று ஒரு வரி. கீழே கடிதம். அதற்குக் கீழே அவள் பெயர். இணைப்பு எதுவும் இல்லை. சாதாரண ஃபார்வேர்ட், நாற்பத்திரண்டாவது பிரதி.

போன் செய்தாள். அவர் குரல் மாறியிருந்தது.

"கேட்டதை அனுப்பிட்டேனே."

"அந்த வரியெல்லாம் இதுல இல்லையே, மாமா."

"எந்த வரி? எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லை."

"சரி, உங்க லேப்டாப்புல இருக்கறது அப்படியே இருக்கட்டும். ஷிஜாவைக் கூட்டிண்டு வரேன்."

"அழிச்சாச்சு. அந்த மாதிரி அசிங்கம் ஆத்துல எதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் அவள் சுமந்தின் பெயரைச் சொன்னாள். அனந்த் நாற்பத்திரண்டு காகிதங்களையும் புரட்டி, எல்லாவற்றிலும் உன் பெயர்தானே இருக்கிறது, இனாமாக வெப்சைட் செய்து கொடுத்த பிள்ளையின் மேல் பழி போடுகிறாயா என்று கேட்டார். பிச்சுமணி முதல் வரிசையில் உட்கார்ந்து தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டபோது, தனக்கு ஒன்றும் நினைவில்லை என்றார். பாகீரதி சாவியை மேஜைமேல் வைத்தாள்.

இப்போது தம்பானூரில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். ஜானவி ஐதராபாத்தில் வேலைக்குப் போய்விட்டாள். அவள் அம்மா பாகீரதியை எதிரில் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுகிறாள். சமூகத்தின் வெப்சைட்டை இன்னும் சுமந்த்தான் பார்த்துக்கொள்கிறான். ஷிஜாவிடம் கொடுத்த புகாருக்கு ஒரு எண் இருக்கிறது. மெயில் கம்பெனிக்குக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், பதில் வரவில்லை.

இதைப் படித்தவர்கள் தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள். ஒருவரின் பெயரைக் கெடுக்கும் கடிதம் உங்களுக்கு வந்தால் அழிக்காதீர்கள், அந்த வரிகளோடு சேர்த்து வையுங்கள் என்பதையும் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, அந்தக் கடிதத்தைப் பாகீரதி எழுதவில்லை என்று சொல்லுங்கள். மகளுக்கும் மச்சினருக்கும் தம்பிக்கும் அதை அனுப்பியவர்கள், இதையும் அவர்களுக்கு அனுப்புங்கள்.