பெரியப்பாவின் வெள்ளம்

எங்கள் வீட்டில் தாகத்துக்கு ‘வெள்ளம்’ கேட்டால் தொடையில் கிள்ளு விழும். மட்டாஞ்சேரியில் பிறந்து, மலையாளம் படித்து, தெரு முழுக்க மலையாளம் பேசித் திரிந்த எனக்கு வேறெந்த வார்த்தை வாயில் வரும்? பெரியப்பா விடமாட்டார்.

“குடிக்கிறது தண்ணி. வீட்டுக்குள்ள ஏறி வர்றதுதான் வெள்ளம். நாம தமிழாளுங்கடா.”

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கார்ப்பரேஷனில் சாக்கடை அடைப்பெடுத்து, மழைக்காலமெல்லாம் வெள்ளத்தோடு மல்லுக்கட்டியவர். கல்யாணம் கிடையாது. தம்பி வீடுதான் அவர் வீடு.

நான் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது அவருக்கு மறதி வந்தது. முதலில் என் பெயர் போனது, அப்புறம் கக்கூஸுக்கு வழி. அதன்பின் எதற்கும் வீட்டில் ஒரே பதில்தான். இளைத்துப்போனாரா, மறதி. பகலெல்லாம் தூங்கினாரா, அதுவும் மறதி. படுக்கையை நனைக்கத் தொடங்கியதும், பொழுது சாய்ந்தால் தண்ணீர் தர வேண்டாம் என்றார் அப்பா. பாவம், அம்மாவும் எத்தனை துணிதான் அலசுவாள்.

நல்ல வெயில் காலம். ஒரு சாயங்காலம் பெரியப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “வெள்ளம்... வெள்ளம்...” என்றார்.

அப்பா கதவை அகலத் திறந்து காட்டினார். “பாருங்கண்ணே, ரோடு காஞ்சு கிடக்கு.”

“வெள்ளம்டா.”

“எல்லாம் மறந்தாச்சு, பழைய வேலை மட்டும் மறக்கல,” என்றாள் அம்மா.

எனக்கோ கொண்டாட்டம். அவர் செருப்பை அலமாரிமேல் ஏற்றினேன். என் புத்தகப்பை கட்டிலேறியது. தரையில் இருந்த தண்ணீர்ச் செம்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போகாதபடி பலகைமேல் வைத்தேன். அவர் கை செம்பை நோக்கி நீண்டது.

“பயப்படாதீங்க பெரியப்பா, பத்திரமா இருக்கு,” என்றேன்.

காலையில் எழுப்பியபோது கண் திறக்கவில்லை. எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்த டாக்டர் அப்பாவைப் பார்த்தார். “மறவி மாத்ரமல்லல்லோ, ஷுகரும் உண்டு. நல்லா கூடுதல். இதுவரே ஆரும் நோக்கியில்லே?”

“மறதின்னுதான்...” என்றார் அப்பா.

மாலையில் பெரியப்பா லேசாகக் கண் விழித்தார். உதடு வெடித்திருந்தது. “வெள்ளம்,” என்றார். அங்கிருந்த சிஸ்டர் ஜன்னலைப் பார்க்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. டம்ளரை எடுத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அவர் குழந்தை மாதிரி வாய் திறந்தார். அலமாரிமேல் இருந்த செருப்பைப் போட்டுக்கொள்ள அவர் திரும்பி வரவேயில்லை.

வீட்டுக்கு அவர் போட்ட சட்டத்தை அவரே மறந்திருக்கக்கூடும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. சிஸ்டர்தான் தப்புச் செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையைப் போலத் தொங்கிய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன்.

“சிஸ்டரே, குடிக்குன்ன வெள்ளமல்ல. ஞங்ஙள் தமிழாளுங்க. இது வேறே வெள்ளம்.”

அவள் ஸ்பூனை நிறுத்தவில்லை.