பிரேக் பைப்புக்கு ஒட்டுப் போடாத சிக்கந்தர் அண்ணன்

சிக்கந்தர் அண்ணன் இன்று விடியற்காலையில் இறந்துவிட்டார்.

ராஜபாளையத்தில் பழைய கார் வைத்திருந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப்... போர்டுகூடக் கிடையாது.

எங்கள் வீடு தேவதானத்தில். அப்பாவுக்குக் கிட்னி போன பிறகு, டயாலிசிஸுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அவருடைய பழைய வெள்ளைக் காரில்தான் கூட்டிப் போவேன். பின் சீட்டில் அம்மா.

அன்று அப்பாவின் நிலைமை மோசம். அதற்கு முந்தைய டயாலிசிஸ் தவறிப்போயிருந்தது. முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

ராஜபாளையம் தாண்டியதும் முன்னால் போன பஸ் நின்றது. பிரேக்கை மிதித்தேன். பெடல் அப்படியே தரை வரைக்கும் போய்விட்டது... மறுபடி மிதித்தேன். ஒன்றும் இல்லை.

கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ரோட்டோரம் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் காரை ஏற்றினேன். அம்மா முருகா முருகா என்று கத்திக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

போன் பண்ணியதும் சிக்கந்தர் அண்ணன் பைக்கில் வந்தார். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். கையெல்லாம் பிரேக் ஆயில்.

"பின்னால போற பைப்பு துருப்பிடிச்சு உடைஞ்சிருக்கு தங்கச்சி. புதுசுதான் போடணும். சாயங்காலம் ஆயிரும்."

அப்பா ஜன்னல் வழியாகக் கத்தினார். "சாயங்காலம் வர நான் தாங்க மாட்டேன்ப்பா. ஒட்டுப் போட்டுக் குடு. மெதுவா போயிருவோம்."

"ஒட்டுப் போட மாட்டேன் ஐயா."

"நான் செத்தா செத்துட்டுப் போறேன். வண்டிய எடு!"

அண்ணன் கார்ச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பா அவரைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தேங்காய் ஏற்றிக்கொண்டு போன குட்டி யானை வண்டியை நடுரோட்டில் நின்று மறித்தார். டிரைவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அப்பாவை இரண்டு கையாலும் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தார். பக்கத்திலேயே அம்மா நெருக்கிக்கொண்டு ஏறினாள்.

நான் காரோடு நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மா போன் செய்தாள். "மிஷின்ல போட்டாச்சு." அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

அண்ணன் பழைய பைப்பைக் கழற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய், அதே வளைவில் புதுசாக ஒன்று வளைத்துக் கொண்டுவந்து மாட்டினார். பிறகு பைப்பில் இருந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் பெடலை மிதிக்க வேண்டும். நான் மிதித்தேன். அவர் காருக்கு அடியில்.

"அமுத்துங்க... புடிங்க... விடாதீய."

 பிறகு அடியில் இருந்து குரல் மட்டும் வந்தது.

"ஐயா என்னைய வஞ்சதுல தப்பில்ல தங்கச்சி. என் தம்பியும் இப்படித்தான் அவசரம்னான். வேன்ல கேரளாவுக்கு லோடு போகணும். அன்னைக்குப் புது பைப்பு கிடைக்கல. உடைஞ்ச எடத்த வெட்டிட்டு ஒரு ஜாயிண்டு போட்டுக் குடுத்தேன்."

அடியில் ஸ்பேனர் திருகும் சத்தம் கேட்டது.

"ஆரியங்காவு எறக்கத்துல விட்டுருச்சு. நான்தான் போயி வேனுக்கு அடியில படுத்துப் பாத்தேன். ஜாயிண்டு கழண்டு தொங்குது. அவனை அதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாவ."

என் கால் பெடலிலேயே இருந்தது. எடுக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"எங்க உம்மா மவுத்தாகுற வரைக்கும் என் கையால ஒரு வாய் சோறு வாங்கித் திங்கல... ம். இப்ப விடுங்க."

இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. ஒட்டுப் போடச் சொல்லி நின்ற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. சிலர் அதற்காகவே வேறு மெக்கானிக்கிடம் போய்விட்டார்கள்.

அப்பா அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. கடைசி வரைக்கும் சிக்கந்தர் அண்ணனோடு பேசவும் இல்லை.

அப்பா இறந்த அன்று அண்ணன் யாரும் கூப்பிடாமலே வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கிய சொந்தக்காரர்களை எங்கள் காரிலேயே பகல் முழுக்க ஏற்றி இறக்கினார். வீட்டுக்குள் வரவில்லை. காபி கொடுத்ததற்குத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விட்டார்.

போன மாதம் அண்ணனை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நுரையீரல் கெட்டிப்பட்டுவிட்டதாம். பிரேக் டிரம்மைக் கழற்றினால் அந்தக் கறுப்புத் தூசியை வாயாலேயே ஊதித் தள்ளுவார்... அதனாலா என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம் என்றார்.

"மாஸ்க் வாங்கிக் குடுத்தேன் தங்கச்சி. அத ஆணியில மாட்டி வச்சிட்டு வேல பாத்தாவ," என்றார் அவர் மனைவி மும்தாஜ் அக்கா.

அண்ணனால் படுக்க முடியவில்லை. தலையணையை மடியில் வைத்து அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "காத்து உள்ள போவ மாட்டேங்குது தங்கச்சி" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது.

இன்று மதியம் தொழுகைக்குப் பிறகு அடக்கம். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது மும்தாஜ் அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். இப்போதும் வலிக்கிறது.

அங்கே பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

என்னால் வாசல் வரைக்கும்தான் வர முடிந்தது அண்ணே... போங்க.