நீலச் சேலைப் பாட்டு

எங்கள் பாட்டுக்குப் பொருள் சொல்ல ஆள் குறைந்ததேயில்லை. கஞ்சா இழுத்துவிட்டுப் போட்ட பாட்டு என்பது ஒரு கட்சி. போரின் வடு என்பது இன்னொரு கட்சி. பாட்டை எழுதி, கிற்றாரும் வாசித்தவள் நான். என்னிடம் கேட்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் குழுவில் மூன்று பேர். ட்ரம்ஸ் அடிப்பவனின் மானிப்பாய் வீட்டில், கார் இல்லாத கார்க்கொட்டகையில் பயிற்சி. அவன் கொழும்புக்குப் போய் வந்த கையோடு சைக்கடெலிக் றொக் என்று தொடங்கிவிட்டான். அது என்ன என்று கேட்டால், கேட்கிறவனுக்குத் தலை சுற்ற வேண்டுமாம். மத்தியான வெயிலில் சைக்கிள் ஓடினாலும் தலை சுற்றும் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இசை தன் பொறுப்பு, வரிகள் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டான். மாதக்கணக்கில் ஒரு வரியும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அம்மாவுக்குக் கண்புரை ஒப்பரேசன் நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று அம்மா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் மடியைக் குனிந்து பார்த்தார்.

"உதென்ன நீலச் சீலை? ஆர் எனக்கு உடுத்திவிட்டது?"

"வெள்ளைதான் அம்மா."

"எனக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சியோ? இப்பதான் வடிவாத் தெரியுது."

புரை எடுத்த புதிதில் சிலருக்கு எல்லாம் நீலம் பூத்தாற்போலத் தெரியும், நாளடைவில் மாறிவிடும் என்று டொக்டர் சொன்னார். அம்மா நம்பவில்லை. அப்பா செத்த நாளிலிருந்து அம்மாவுக்கு வெள்ளைதான். மானிப்பாயில் எத்தனையோ விதவைகள் விரும்பிய நிறத்தில் உடுத்துகிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அப்பாவின் தங்கை, அரியாலை மாமி, ஒவ்வொரு திவசத்துக்கும் ஒரு வெள்ளைச் சேலையோடு வந்து இறங்குவார். அதை எதிர்த்து நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அதனால், கண் தெரியாத நேரம் பார்த்து நானே நீலத்தைச் சுற்றிவிட்டேன் என்று அம்மா முடிவுகட்டிவிட்டார்.

வருத்தம் பார்க்க, சுகம் விசாரிக்கச் சனம் வந்தது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு கூனிக்குறுகி இருந்தார். வந்தவர்கள் கண் வலிக்குதோ, எப்ப தலை முழுகலாம், கறிக்கு உறைப்புப் போடலாமோ என்று கேட்டார்கள். சேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாமியும் வந்து, பிஸ்கட் பெட்டியை வைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் பேசாமல் போனார். வெள்ளையைப் பார்த்து என்ன சொல்வார்?

அம்மா நிமிர்ந்து உட்காரத் தொடங்கினார். தெருவாசல் படலையடிக்குப் போனார். ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். "சனம் நல்லாத்தான் மாறிப்போச்சுது பிள்ளை" என்றார். அது வெள்ளைதான் என்று திரும்பவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு நீலம் வெளுத்தது. ஒரு காலை மடியைப் பார்த்தபடி கட்டிலில் இருந்தார். "அப்ப ஒருத்தரும் ஒண்டும் விட்டுத்தரேல்லை" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஊரைக் கொளுத்த வேண்டும்போல இருந்தது. கிற்றாரைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டேன்.

பாட்டு ஒரே மூச்சில் வந்தது. ஆர் உடுத்தினது இந்த நீலம் என்ற ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப. முதலில் வெறும் கிற்றார், பிறகு தண்ணீருக்குள் வாசித்ததுபோல அலையும் கிற்றார். நடுவில் வருத்தம் பார்க்க வந்தவர்களின் கேள்விகளை நானே பேசிப் பதிந்து, எதிரொலி ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். ட்ரம்ஸ்காரனுக்குத் தலை சுற்றியது. பெருமகிழ்ச்சி.

இணையத்தில் போட்டதும் ஆராய்ச்சி தொடங்கிற்று. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த இளைஞர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். நீலம் அகதிமுகாம் கூடாரத் தறப்பாளாம். நடுவில் வருவன ஆவிகளின் குரல்களாம். கறிக்கு உறைப்புக் கேட்கும் ஆவிகள்! முகாமும் தறப்பாளும் எனக்குத் தெரியாதவை அல்ல. அவற்றைப் பாட வேண்டுமானால் அவற்றின் பெயர் சொல்லியே பாடுவேன். அவர் அம்மாவிடம் திரும்பி, "அந்த நீலம் முகாமின்ரை நீலம்தானே அம்மா?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி. கண் ஒப்பரேசன்."

ஓர் இனத்தின் கண் திறப்பு என்று அதையும் அவர் எழுதிவிட்டார். எழுத்தில் வெட்கம் என்று ஒன்று இருந்ததெல்லாம் எந்தக் காலமோ.

அவர் போனபின் அம்மா பாட்டைப் போடச் சொன்னார். கடைசிவரை அசையாமல் கேட்டார். "சத்தம் கூட. ஆனா சரியாத்தான் கேட்டிருக்கிறாய்" என்றார். என் பாட்டுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான விமர்சனம் அது. மறுநாள் தனியாகப் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் வந்தார். என்ன வாங்கினார் என்று சொல்லவில்லை.

அப்பாவின் திவசத்தன்று மாமி வழக்கம்போல வெள்ளைச் சேலையோடு வந்தார். உள்ளேயிருந்து அம்மா வந்தார், காங்கேசன்துறைக் கடல்போல நல்ல கடும் நீலத்தில். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். வீடு நிறையச் சனம்.

"என்ன மச்சாள் உது? திவசத்தண்டு நீலச் சீலை?" என்றார் மாமி.

அம்மா மடியைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மாமியின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது."