சனிக்கிழமை மாத்திரை

ராஜபாளையத்துக்காரிக்கு வெயில் பத்தவில்லை என்று டாக்டர் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். வெங்கடேஸ்வரிக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே பெஞ்சிலிருந்து எழப் பார்த்தாள். முடியவில்லை. ஒரு கையால் பெஞ்சைப் பிடித்து, மறு கையைத் தொடையில் ஊன்றித்தான் எழ வேண்டியிருந்தது.

அவள் நூல் மில்லில் சைடர். ரிங் பிரேம் மிஷின்களுக்கு நடுவிலுள்ள சந்தில் ஷிஃப்ட் முழுக்க நடந்து, அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுவது வேலை. கல்யாணமாகி வந்த மறுவருஷம் மில்லுக்குள் நுழைந்தவள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பக்கத்து மிஷின்காரிகளின் விரல்களைப் பார்த்துப் பார்த்துப் படிந்ததுதான். சந்தின் இந்த முனையில் நின்று அந்த முனையில் எந்தக் கதிரில் இழை அறுந்திருக்கிறது என்று சொல்வாள். ஓடுகிற கதிரை ஒரு நொடி நிறுத்தி ஒட்டிவிட்டு நகர்ந்தால், ஒட்டிய இடம் தெரியாது.

நூலுக்கு ஈரக்காற்று வேண்டும் என்பதால் அந்த ஹாலில் ஜன்னல்கள் திறப்பதில்லை. மில் வேனில் ஏறி வந்து மில் வேனில் திரும்புவாள். வீட்டுக்குப் போனால் தூக்கம். தெருவில் இறங்க நேர்ந்தால் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொள்வாள். இப்படித்தான் வருஷங்கள் போயின.

தொடைவலி சித்திரையில் ஆரம்பித்தது. நின்று நின்று வருகிற வலிதான் என்று தைலம் தேய்த்தாள். ஒருநாள் கீழே சேர்ந்த பஞ்சை எடுக்கக் குத்தவைத்தவள், எழப் பார்த்தபோது கால் எழும்பவில்லை. கை தானாகவே, ஓடுகிற மிஷினை நோக்கிப் போனது. அடுத்த சந்திலிருந்து பார்த்த கிருபாபாய் ஓடிவந்து இழுத்திராவிட்டால் விரல்கள் போயிருக்கும்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? மிஷினயா பிடிப்ப?"

"வேற எதைப் பிடிக்கட்டும்? ஒன் மூக்கையா?" என்றாள் வெங்கடேஸ்வரி. விரல்களை மடக்கி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் சுந்தரபாண்டியன் வயதில் சின்னவன். கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "அக்கா, கொஞ்ச நாள் கோன் பேக்கிங்ல உக்காருங்க. தீபாவளி வரைக்கும் ஒங்க மிஷின் சைடை நான் யாரையாவது வச்சு ஓட்டுதேன். அதுக்குள்ள கால் சரியாகலன்னா வேற ஆள நிரந்தரமாப் போட்ருவேன். தப்பா நெனைக்காதீங்க."

கோன் பேக்கிங்கில் உட்கார்ந்தே வேலை. நூல் சுற்றிய கோன்களைப் பையில் போட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். முடிந்தால் வாழ்நாள் முழுக்க அங்கேயே இரு என்று ஊரே சொன்னது. அவளுக்கு அந்த நாற்காலி முள்ளாகக் குத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் மாறும்போதெல்லாம் கை பெட்டியில் நின்றுவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் ஷெரினிடம் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் ரிப்போர்ட்டை வாங்கிய கணவன் பாண்டித்துரை அங்கேயே படித்தான். அவன் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் மேஸ்திரி. சர்க்கரை வியாதிக்காரன், ரிப்போர்ட் படிப்பதில் தான் கெட்டிக்காரன் என்று நினைப்பு.

"வைட்டமின் டி ஒம்பது புள்ளி நாலு. முப்பதுலேருந்து நூறு வரைக்கும் இருக்கலாம்னு போட்டிருக்கான். ஒனக்கு ஒம்பதுதான். நல்லாத்தான இருக்கு! எனக்குச் சுகர் எறங்குச்சுன்னா டாக்டர் கைகுடுக்காருல்லா?"

உள்ளே போய் அதையே டாக்டரிடமும் சொன்னான். டாக்டர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"சர்க்கரை எறங்குனா சந்தோஷம் சார். இது அப்படி இல்ல. இருபதுக்குக் கீழ போனாலே குறைச்சல். இவங்களுக்கு அதுல பாதிகூட இல்ல. வெயில் பத்தல. சாப்பாட்டுல இருக்குற சுண்ணாம்புச் சத்தைக் குடல்லேருந்து உடம்புக்குள்ள ஏத்திவிடுறது இந்த வைட்டமின்தான். இது இல்லன்னா எவ்வளவு பால் குடிச்சாலும் எலும்புக்குச் சேராது. தொடைச் சதையும் பலமிழந்துடும். அதான் எந்திரிக்க முடியல."

அறுபதாயிரம் யூனிட் மாத்திரை, வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். தினமும் கால்சியம். "வார மாத்திரையை அவசரப்பட்டுத் தினமும் போட்டுடாதீங்க. அளவு மீறினா ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னியைக் கெடுக்கும்."

"எந்தக் கெழமை போடணும் டாக்டரம்மா?"

"எந்தக் கிழமையும் சரிதான். நீங்க மறக்காத கிழமையாப் பாத்துக்கோங்க."

வெங்கடேஸ்வரி மறக்காத கிழமை சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்குக் கல்யாணத்துக்கு முன்னிருந்தே சனிக்கிழமை விரதம். புரட்டாசிச் சனிக்கிழமையில் கூட்டத்தோடு கூட்டமாக மலை ஏறுவாள். மற்ற சனிக்கிழமைகளில் விடியுமுன் குளித்து, துளசி போட்ட தண்ணீர் ஒரு வாய். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகுதான் சாப்பாடு. அந்தத் துளசித் தண்ணீரோடு மாத்திரையும் இறங்கியது. கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டு விழுங்கினாள். ஒரு வாரமும் தவறவில்லை.

எட்டு வாரம் முடிந்து மறுபடி ரத்தம் கொடுத்தாள். பதினைந்து புள்ளி எட்டு.

வலி கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் குத்தவைத்து எழ இன்னும் சுவர் வேண்டும். தீபாவளிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இல்லை. அவளுடைய மிஷினில் ஒரு புதுப்பெண் இழை ஒட்டப் பழகிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு பத்தல. ரெண்டு ரெண்டாப் போட்டுப் பாப்போம்," என்றான் பாண்டித்துரை.

"ஒங்க சுகர் மாத்திரையை அப்படிப் போடுவீங்களா?"

"அது வேற."

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலயா? கிட்னி போச்சுன்னா எந்தச் சைடுல நிக்க?"

டாக்டர் ஷெரின் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வயிற்றுப்போக்கு உண்டா, வேறு மாத்திரை உண்டா, வாரம் தவறியதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

"மாத்திரையை எப்பப் போடுவீங்க?"

"சனிக்கெழமை காலைல. குளிச்சு முடிச்சு, துளசித் தண்ணில."

"அப்புறம் என்ன சாப்பிடுவீங்க?"

"வெரதம்லா. பொழுதடைஞ்சு வெளக்கேத்துன பொறவுதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என் தப்பு. சாப்பிட்டுட்டுப் போடுங்கன்னு நான் சொல்லியிருக்கணும். இது எண்ணெய்ல கரையிற சத்தும்மா. எண்ணெயுள்ள சாப்பாடு இல்லாம வெறும் வயித்துல போனா, மாத்திரைல பாதி உடம்புல ஒட்டாமப் போயிரும்."

வெங்கடேஸ்வரி யோசித்தாள். "மொளகாப் பொடி மாதிரியா? தண்ணில போட்டா கலர் எறங்காது. எண்ணெய்ல போட்டாத்தான் எறங்கும்."

"அதேதான். இது ஒண்ணுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மொதல்ல இதைச் சரி பண்ணுவோம். விரதத்தை விட வேணாம், கிழமையை மாத்துங்க. இன்னும் எட்டு வாரம். வெயிலும் வேணும். விடியக்காலத்து வெயில் பத்தாது. நிழல் உங்களவிடக் குட்டையா விழுற நேரத்துல கொஞ்ச நேரம், கையும் காலும் வெளிய தெரியணும்."

வேனில் கிருபாபாயிடம் சொன்னாள். "பெருமாளுக்குன்னு நெனச்சுத்தான் சனிக்கெழமை போட்டேன். அதப் போயி மாத்தச் சொல்லுதாங்க."

"ஏட்டி, ஒங்க பெருமாள் ஒன்னைய விரதம் இருக்கச் சொன்னாரு, சரி. மாத்திரையுமா விரதம் இருக்கச் சொன்னாரு? ஞாயித்துக்கெழமை கோயில் முடிஞ்சு வந்து சாளைமீன் கொழம்பு வைப்பேன். வந்து தின்னுட்டுப் போடு."

"மீன் கொழம்புக்கு என்னையக் கூப்பிடுதியா, மாத்திரைக்குக் கூப்பிடுதியா?"

"பாத்திரம் வெளக்கக் கூப்பிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கிருபாபாய் வீட்டில் குழம்பில் எண்ணெய் மிதக்கும். வெங்கடேஸ்வரி சோற்றைப் பிசைந்து வயிறாரச் சாப்பிட்டு, மாத்திரையை விழுங்குவாள். முதல் ஞாயிற்றுக்கிழமை கை தானாகக் கும்பிடப் போனது. மீன் வாசனை. கையை இறக்கிக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, எழுந்துபோய்க் கழுவிவந்து கும்பிட்டாள். கிருபாபாய் பார்க்காததுபோல இலையை மடித்தாள்.

மில்லில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வேப்பமர நிழலில் இருக்க, இவள் நிழலுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து முழங்கை வரை நீட்டிக்கொண்டாள். "கருத்துப் போவக்கா," என்று ஒருத்தி கத்தினாள். "இதுக்கு மேல எங்க கருக்க? எடம் இருந்தாச் சொல்லு," என்றாள் இவள்.

கடைசிப் புரட்டாசிச் சனிக்கிழமை மலைப்படியில் ஏறினாள். வெறும் வயிறு, மாத்திரை இல்லை. மேலே போய்த்தான், வழியில் கைப்பிடிச் சுவரைத் தொடவே இல்லை என்பது உறைத்தது. எட்டாவது மாத்திரையும் முடிந்து, அடுத்த வாரம் ரத்தம் கொடுத்தாள். முப்பத்திரண்டு. டாக்டர் வார மாத்திரையை நிறுத்தி, மாதத்துக்கு ஒன்று போதும் என்றார். "வெயிலை மட்டும் விட்டுடாதீங்க."

சுந்தரபாண்டியனிடம் ரிப்போர்ட்டை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? குத்தவச்சு எந்திரிங்க, பாப்போம்."

ஓடிக்கொண்டிருந்த மிஷின் பக்கம் குத்தவைத்தாள். தரையில் கிடந்த பஞ்சைத் திரட்டினாள். கைகள் பஞ்சோடு மடியில் இருக்க, எழுந்து நின்றாள்.

"நாளைக்கு மொத ஷிஃப்ட்," என்றான் அவன். "அந்தப் புள்ளையைப் பக்கத்து மிஷினுக்கு மாத்திருதேன்."

வெங்கடேஸ்வரியின் கண் மிஷின் மேல் இருந்தது. சந்தின் அந்த முனையில் ஓர் இழை அறுந்திருந்தது. பஞ்சைப் பையில் போட்டுவிட்டு, நாளைவரை காத்திராமல், அதை நோக்கி நடந்தாள்.