ஆயுத பூஜைக்கு வைத்த நீள்வாள்

இடைக்கால ஐரோப்பிய வாள்களின் மறுஆக்கங்களைச் சேர்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கம் யாருக்கும் புரியாது. "டூப்ளிகேட் கத்தி" என்றால் உடனே புரிந்துவிடும். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டூப்ளிகேட் என்பது ஏமாற்றுவதற்குச் செய்வது. நாங்கள் வாங்குவது, எங்கோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு வாளை அங்குலம் அங்குலமாக அளந்து, அதே நீளத்தில், அதே எடையில் இன்றைக்கு ஒரு பட்டறையில் அடித்துச் செய்வது. விளிம்பு தீட்டியிருக்காது. வாழைப்பழத்தைக்கூட ஒழுங்காக நறுக்க முடியாது. பிறகு அதை வைத்துக்கொண்டு என்னதான் செய்வீர்கள் என்று கேட்பார்கள். பார்த்துக்கொண்டிருப்போம், வேறென்ன?

எனக்குத் திருக்காட்டுப்பள்ளி பக்கம் நெல் விவசாயம். "தஞ்சாவூர்க்காரரா இருந்துக்கிட்டு சோழன் வாள வாங்காம வெள்ளைக்காரன் கத்திய வாங்குறீங்களே, இது அடுக்குமா?" என்று உரக்கடைக்காரர் ஒரு நாள் கேட்டார். சோழன் வாளை எவன் அளந்து செய்து தருகிறான்? கிடைப்பதெல்லாம் நாடகத்துக்கான தகரம். ஒழுங்காகச் செய்து தந்தால் முதல் ஆளாக நிற்க மாட்டேனா? இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நாலு பேர் நின்றார்கள். யூரியாவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தப் பைத்தியத்தில் எனக்குத் துணை ஒரே ஒருவன். தஞ்சாவூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கல்லூரியில் என் பெஞ்ச். லுத்தரன் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் வரைக்கும் போனை எடுக்க மாட்டான். பவர் மாறாத கண்ணுக்குப் புதுக் கண்ணாடி விற்க மாட்டான். "இதே போதும், ஸ்க்ரூ மட்டும் முடுக்கித் தரேன்" என்று வந்தவரைத் திருப்பி அனுப்புவான். இவன் எப்படிக் கடை நடத்துகிறான் என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், வடக்கே இருக்கும் ஒரு பட்டறை புது வாள் ஒன்றை அறிவித்தது. இரண்டு கையாலும் பிடிக்கிற நீள்வாள். அன்று நான் குறுவை நாற்றங்காலில் நின்றிருந்தேன். மோட்டார் கொட்டகையில் மாட்டியிருந்த சட்டைப்பையில் போன் அதிர்ந்தபடியே இருந்தது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று சேற்றுக் காலோடு ஓடினேன். பார்த்தால் எங்கள் வாள் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு. அடேயப்பா, அன்று அந்தக் குழு போட்ட ஆட்டம்! ஒரே ஒரு படம்தான் வந்திருக்கிறது, அதுவும் பக்கவாட்டில். அதை வைத்து எடை என்ன, அலகின் நடுவே நீளமாக ஓடும் நடுக்குழி எதுவரை போகிறது, கைப்பிடித் தோலுக்கு அடியில் கயிறு சுற்றியிருக்கிறார்களா என்று ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். நாகர்கோவில்காரர் ஒருவர் படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து, கைப்பிடியின் அடிக்குமிழ் கொஞ்சம் பெரிது என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். நானும் கை கழுவாமல் நின்றுகொண்டு அவரோடு சண்டை போட்டேன்.

மொத்தமே கொஞ்சம் வாள்கள்தான் செய்வார்களாம். முன்பதிவு திறந்த அன்று நானும் அழுத்தினேன், அவனும் அழுத்தினான். அவனுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் இரண்டு மணி நேரம் அவனோடு பேசவில்லை. அவனே கூப்பிட்டான்.

"டேய், என்ன மூஞ்சத் தூக்கி வச்சிருக்கியா? ஆளுக்குப் பாதி போட்டுக்குவோம். நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணு."

"ஒரு வாள எப்படிரா ரெண்டு பேரு வச்சிக்கிறது?"

"நீதானே விவசாயி, நீயே சொல்லு."

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் நாங்கள் என்ன செய்வோமோ அதையே சொன்னேன். முறை வைத்துக்கொள்வோம். சித்திரையிலிருந்து புரட்டாசி முடிய என் வீடு, ஐப்பசியிலிருந்து பங்குனி முடிய அவன் வீடு. அடுத்தவன் முறையில் கை வைக்கக் கூடாது. முறை முடிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தண்ணீர் முறையில் வெட்டுக்குத்து வரைக்கும் போனவர்கள் உண்டு. நாங்கள் இரண்டு வருடம் ஒரு சின்ன மனத்தாங்கல் இல்லாமல் அந்த வாளைக் கைமாற்றினோம். அவன் வீட்டிலிருந்து வரும்போது எண்ணெய் தடவி, பருத்தித் துணி சுற்றி, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் புதிதாகப் போட்டு வரும். அது துருப்பிடிக்கிற எஃகு. விரல் ரேகை பட்டாலே துடைக்க வேண்டும்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்றாவது வருடம் ஆயுத பூஜை புரட்டாசிக் கடைசியில் வந்தது. குறுவை அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் தெம்பு. டிராக்டரைக் கழுவி, ஸ்பிரேயர், மண்வெட்டி, அரிவாள், ஸ்பேனர் செட் எல்லாவற்றையும் கூடத்தில் வரிசையாக வைத்தோம். எனக்குத் திடீரென்று ஒரு வேகம். உள்ளே போய் வாளை எடுத்து வந்தேன்.

"அது மேல ஈரமே படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் என் மனைவி.

"ஆயுத பூஜையில ஆயுதத்த வைக்காம ஸ்பேனர மட்டும் வச்சுக் கும்புடுறதா? யாராவது கேட்டா சிரிக்க மாட்டாங்க?"

"கண்ணாடிக்கடை அண்ணன் கேட்டா என்ன சொல்வீங்க?"

"அவன் ஏன் கேக்கப் போறான்?"

சுவரில் சாய்த்து, நுனி மேலே பார்க்க நிறுத்தினேன். சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மூன்று விரலால் பட்டையாக இழுத்தேன். நடுவில் குங்குமம். அதோடு விட்டிருக்கலாம். சூலத்தில் சொருகுவது போல நுனியில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் அழுத்திக் குத்தினேன். சாறு வாளின் நடுக்குழி வழியாகக் கைப்பிடிவரை அழகாக ஓடியது. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. படம்கூட எடுத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதனால் துடைக்கவில்லை.

விஜயதசமி காலையில் சந்தனத்தைத் துடைத்தேன். பட்டை போட்ட இடமெல்லாம் செம்பழுப்பு. சாறு ஓடிய தடம் கறுத்துக் கிடந்தது. ஐப்பசி முதல் தேதிக்கு இன்னும் மூன்றே நாள். பதற்றத்தில் குத்துவிளக்கு தேய்ப்பது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். புளிப்பு பட்டுக் கெட்டதற்குப் புளி! அது இன்னும் மங்கியது. பிறகு டிராக்டர் பெட்டியிலிருந்த உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? ஒரு பகல் முழுவதும் தேய்த்து, எண்ணெய் தடவி நிழலில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"சொல்லிடுங்க. அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு" என்றாள் மனைவி.

"உன் வேலையப் பாரு" என்றேன்.

முதல் தேதி பெட்டியைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தேன். வாடிக்கையாளர் இருந்ததால் அவன் பிரிக்கவில்லை. பத்து நாள் கழித்துக் கூப்பிட்டான்.

"டேய், வாள்ல என்னமோ மேகம் மாதிரி மங்கலா இருக்கு. ஏதாச்சும் பட்டுச்சா?"

அந்த ஒரு நொடி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நான் பெட்டியத் தொறக்கவே இல்லடா. எஃகே மட்டமா இருக்கும். பட்டறைக்காரன் ஏமாத்திட்டான்."

"அப்படியா? ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படலையே?"

"சத்தியமா படல."

அவன் அதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். என்மேல் வைத்த நம்பிக்கையில் அவன் விடவில்லை. கடை மொட்டைமாடியில் காலை வெயிலில் வாளைச் சாய்த்துவைத்து நுனியிலிருந்து படம் படமாக எடுத்து, பட்டறைக்காரரும் இருக்கும் அந்தக் குழுவில் போட்டுவிட்டான். கூடவே ஒரு நீளமான செய்தி. இரண்டு நண்பர்கள் முறை வைத்துப் பாதுகாக்கும் வாள் இது, ஒரு சொட்டு ஈரம் பட்டதில்லை, நான் உறுதி கூறுகிறேன், நீங்கள் விற்றது தரமற்ற எஃகு என்று. அவன் அப்படிக் கடுமையாக எழுதி நான் பார்த்ததே இல்லை. குழுவே கொதித்தது. ஆளாளுக்குப் பட்டறைக்காரரைக் கிழித்தார்கள். நான் திருடனுக்குத் தேள் கொட்டியது போலப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்த நாகர்கோவில்காரர் ஒரு படத்தைப் பெரிதாக்கி மறுபடி போட்டார். "என்னங்க, வாளுக்குப் பட்டை போட்டிருக்கு?"

நிழலில் தெரியாதது சாய்வெயிலில் தெரிந்தது. மூன்று கோடு, நடுவில் ஒரு பொட்டு. தமிழ்நாட்டில் பிறந்த எவனுக்கும் விளக்கம் தேவையில்லை. சிரிப்புப் படங்கள் மழையாகக் கொட்டின. "சுண்டல் எங்கே?" என்றார் ஒருவர். "சாமி வந்து பூசிட்டுப் போயிருக்கும்" என்றார் இன்னொருவர். பட்டறைக்காரர் மரியாதையாகவே எழுதினார்: ஈரக் குழம்பு ஒரு நாள் முழுக்க இருந்த தடம் இது, புளிப்பு ஏதோ வழிந்திருக்கிறது, உப்புத்தாள் தேய்த்த கோடுகளும் தெரிகின்றன. அதற்குக் கீழே என் நண்பன், "மன்னிக்கவும். தவறு எங்களுடையது" என்று போட்டான். என் பெயரை எழுதவில்லை.

அடுத்த பஸ்ஸில் தஞ்சாவூர் போனேன். ஒருவருக்குக் கண்ணாடியின் காதை வளைத்துக்கொண்டிருந்தான். அவர் போகும் வரை நின்றேன்.

"நான்தான்டா. ஆயுத பூஜைக்கு வச்சேன்."

"வச்சா என்ன? சாமிக்குத்தானே வச்ச?" என்றான். குரலை உயர்த்தவில்லை. "வாள் போனா போகுது. நீ சொல்லியிருந்தா நானும் சேர்ந்து தேச்சிருப்பேன். அத்தன பேரு முன்னாடி ஒருத்தர் தொழிலப் பழி சொல்லிட்டேன்டா, உன்ன நம்பி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை என்றுகூடப் பார்க்கவில்லை. அவன் கண்ணாடி துடைக்கிற துணியைக் கொடுத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வாளை நீயே எடுத்துப் போ, என்னால் அதைப் பார்க்க முடியவில்லை என்றான். அவன் முறை இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பேச்சு நின்றுவிடவில்லை. பொங்கலுக்கு வாழ்த்துச் சொன்னான். மாசியில் சம்பா அறுவடை முடிந்து புது அரிசி ஒரு சிப்பம் கொண்டுபோனேன். "வாங்கண்ணே" என்று அவன் மனைவி வாங்கி வைத்துவிட்டுக் காபி போடப் போனார். அவனும் நெல் என்ன விலை போச்சு, மழையில் எவ்வளவு சாய்ந்தது என்றெல்லாம் விசாரித்தான். பழையபடி ஆகிவிட்டோம் என்றே நினைத்தேன். அந்த வாரம்தான் அதே பட்டறை அடுத்த வாளை அறிவித்திருந்தது. ஒற்றைக்கை வாள், கைக்குக் காவலாக வரும் குறுக்குப்பிடி நேராக, நாங்கள் பல வருடம் காத்திருந்தது. குழு மறுபடி கொதித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியாடா?" என்றேன்.

"பாத்தேன். புக் பண்ணிட்டேன்."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "கெடச்சிருச்சா! அப்ப முறைய எந்த மாசத்துலேர்ந்து வச்சுக்குவோம்?"

அவன் காபித் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"இது எனக்கு மட்டும்டா" என்றான். "ஆறிடும், குடி."