கண் திறக்காமல் நின்ற குதிரை

ஒரே சாமியிடம், ஒரே பெண்ணுக்காக, இரண்டு பேர் நேர்மாறாக வேண்டிக்கொண்டால் அவர் யார் சொல்லைக் கேட்பார்? பங்குனியிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சோறு வடிக்கும்போதும் வருகிறது, பிள்ளைக்குத் தலை பின்னும்போதும் வருகிறது. பதில் தெரிந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். தெரியவில்லை. இருந்தாலும் நடந்ததைச் சொல்லாமல் இருப்பது அய்யனாருக்குச் செய்யும் துரோகம் என்று தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் குதிரைப் பந்தயத்தில் ஓட்டுகிறவள். ஜாக்கி. எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் என்பார்கள். பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு, முகத்தைச் சுளித்துச் சொல்கிறவர்களும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, படிவத்தில் தாயின் தொழில் 'ஜாக்கி' என்று எழுதினேன். அங்கிருந்த அம்மா, "எந்த ரேடியோவுல பேசுதிய?" என்று கேட்டார். குதிரை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கால்வரை அவர் பார்த்ததுதான் எனக்கு உறுத்தியது. அப்போது நான் இடது காலை இழுத்து நடந்துகொண்டிருந்தேன்.

பிறந்தது ராஜபாளையத்துக்குத் தெற்கே தேவதானம். அப்பா ராணுவத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்தார். இப்போது அவர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பெங்களூரில் ஜாக்கிப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அந்த வருடம் நான் ஒருத்திதான் பெண். உடை மாற்றத் தனி அறை கிடையாது. எடை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் மருத்துவர் உட்காரும் அறையில், அவர் வெளியே போனதும் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுவேன். மூன்று வருடம் அப்படித்தான். 'பெண் பிள்ளைக் கைக்குக் குதிரை அடங்காது' என்று நல்ல குதிரைகளைத் தரமாட்டார்கள். ஆண்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவைதான் எனக்கு வரும். அப்படி வந்த ஒரு கடிக்கிற குதிரையில்தான் முதல் தடவை ஜெயித்தேன்.

பிறகு கல்யாணம். என் கணவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ்காரர். கோதை பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது தாண்டியதும், பாலை மறக்கடித்து, அம்மாவிடம் விட்டுவிட்டு மறுபடி பெங்களூருக்குப் போனேன். பேருந்தில் ஏறும்போது அவள் அழவில்லை. கையை மட்டும் ஆட்டினாள். நான் போனது சரியா என்று அன்றைக்கே சந்தேகம் வந்தது. இன்றைக்கும் தீரவில்லை.

போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகையில் ஒரு காலை ஓட்டப் பயிற்சியில் குதிரை மிரண்டு என்னைத் தூக்கி எறிந்தது. இடுப்பில் முறிவு. அதைச் சரி செய்துவிட்டார்கள். ஆனால் இடது பாதம் செத்துப்போயிருந்தது. காலைத் தூக்கினால் பாதம் கீழே தொங்கும். நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்பினால் திரும்பும், இல்லையென்றால் இல்லை என்றார் மருத்துவர். சேணத்தில் உட்கார்கிறவர்களுக்கு அங்கவடி என்று ஒரு இரும்பு வளையம் உண்டு. பந்தயத்தில் நாங்கள் உட்காருவதில்லை, அந்த வளையத்தில் முன்பாதத்தை ஊன்றி நின்றபடிதான் ஓட்டுவோம். பாதம் இல்லையென்றால் ஜாக்கி இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் கட்டிலில் கிடந்தேன். பிள்ளை என் பக்கத்தில் வரப் பயந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, தொங்கும் பாதத்தை விரலால் தொட்டுப் பார்ப்பாள். அது அசையாது. ஓடிவிடுவாள். அவள் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். சம்பாதிக்கவும் இல்லை, பிள்ளையைத் தூக்கவும் முடியவில்லை. எதற்கு இருக்கிறேன் என்று யோசித்த நாட்கள் உண்டு. மறைக்க விரும்பவில்லை.

எங்கள் குலதெய்வம் தேவதானத்து வயல்களுக்கு நடுவே இருக்கும் அய்யனார். வேண்டுதல் பலித்தால் மண்குதிரை செய்து வைப்பது வழக்கம். தை மாதம் மூன்றாம் வெள்ளி, கட்டிலில் படுத்தபடியே கையைக் கூப்பினேன். "அய்யா, நீ குதிரையிலே வருகிறவன். என் பாதத்தைத் திருப்பிக் கொடு. மறுபடி குதிரை ஏறினால் உனக்கு ஒரு குதிரை வைக்கிறேன்." இவ்வளவுதான் சொன்னேன். அழக்கூட இல்லை.

எட்டாம் நாள் கோதை வழக்கம்போல வந்து பெருவிரலைப் பிடித்து இழுத்தாள். விரல் அசைந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள். "ஆச்சி, அம்மா காலு முழிச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே அடுக்களைக்கு ஓடினாள். அம்மா மாவுக் கையோடு வந்து நின்றார். விரலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு பல மாதப் பயிற்சி. சுவரைப் பிடித்து நடந்தேன். பிறகு பிடிக்காமல் நடந்தேன். ஆவணியில் குதிரைமேல் உட்கார்ந்தேன். மாசியில் உடல்தகுதிச் சான்று வாங்கிவிட்டேன். சித்திரையில் ஊட்டியில் ஒரு பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டேன். கிளம்புவதற்கு முன் நேர்த்திக்கடனை முடிக்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்குக் குதிரை எடுப்பதாக முடிவு செய்து, மண்குதிரை செய்கிற வேளாரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

மண்குதிரைக்குக் கடைசியாகத்தான் கண் எழுதுவார்கள். அதுவரை அது வெறும் மண். கண் திறந்த பிறகுதான் அதைத் தோளில் தூக்கிக் கோவிலுக்குக் கொண்டுபோகலாம். அன்று காலை நான், அம்மா, கணவர், கோதை நான்கு பேரும் வேளார் சூளைக்குப் போனோம். அங்கே ஒன்றல்ல, இரண்டு குதிரைகள் நின்றன. இரண்டுக்கும் கண் இல்லை.

"எதுக்கு மொதல்ல தொறக்கட்டும்? ஒனக்கா, ஒங்கம்மாவுக்கா?" என்று கேட்டார் வேளார்.

"அம்மாவுக்கா?"

"ஒங்கம்மா அந்தத் தையிலயே வந்து சொல்லிட்டுப் போச்சே தாயி. நீ விழுந்து கெடந்தப்ப. 'எம் மக குதிரையை விட்டு இறங்கிரணும், அதுக்கு ஒரு குதிரை'ன்னு. நீ சொன்னப்ப ரெண்டையும் சேத்தே செஞ்சிட்டேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சூளையைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"என்ன என்னம்மா? பெத்தவளுக்கு வேண்டிக்கிட உரிமை இல்லையா?"

"நான் நடக்கணும்னு வேண்டலையா நீங்க?"

"நடக்கணும்னுந்தான் வேண்டுனேன். நடந்து வீட்டுல இருக்கணும்னு வேண்டுனேன். ஒனக்கு வெரலு அசைஞ்சப்ப, வீட்டுல நடக்கவா, மறுபடி குதிரை ஏறவான்னு எனக்கு வெளங்கல ஏட்டி. பயத்துல அழுதேன்."

என் கணவர் நிலைமையை இலகுவாக்கப் பார்த்தார். "அத்த ஒண்ணு கேட்டு, இவ ஒண்ணு கேட்டா, பாவம் அய்யனாரு ரெண்டு ஷிப்ட்டுல்ல பாக்கணும்."

வேளார் என் குதிரைக்குக் கண் எழுதினார். வழக்கப்படி அதன் முகத்துக்கு நேரே கண்ணாடி காட்டினார். அம்மாவின் குதிரைப் பக்கம் தூரிகையைக் கொண்டுபோனபோது அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"அதுக்கு வேண்டாம் அண்ணாச்சி. நேந்தது நடக்கல. ஊட்டிக்கில்ல போறா."

"கண்ணு தொறக்காததக் கோயிலுக்குத் தூக்கக் கூடாது தங்கச்சி."

"அப்ப இங்கனக்குள்ளயே நிக்கட்டும்."

ஒரு சாக்கை எடுத்து அதன் தலைமேல் போட்டார் வேளார். என் குதிரை மேளத்தோடு போனது. நான் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். அந்தச் சாக்குக்கு அடியில் கண்ணில்லாத ஒரு முகம் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

ஊட்டிக்குப் போகும்வரை அம்மா என்னோடு பேசவில்லை. வேண்டிக்கொண்டதை நிறைவேற்றிவிட்டேனா, இல்லை பெற்றவளின் வேண்டுதலை மிதித்துவிட்டுப் போகிறேனா? பேருந்தில் மலை ஏறும்போதெல்லாம் இதே யோசனை. இறங்கித் திரும்பிவிடலாம் என்று இரண்டு இடத்தில் பையை எடுத்தேன். இரண்டு இடத்திலும் மறுபடி வைத்தேன்.

பந்தயத்தன்று எனக்குக் கிடைத்தது ஒரு செவலைப் பெண்குதிரை. ஒன்பது குதிரைகள். வளைவுவரை நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். திடீரென்று எனக்கு முன்னால் ஓடிய குதிரை முழங்கால் மடங்கி விழுந்தது. அதன்மேல் இருந்தவர் புல்லில் உருண்டார். என் குதிரை அவரை மிதிக்காமல் பக்கவாட்டில் பாய்ந்தது. என் இடது பாதம் அங்கவடியிலிருந்து கழன்றுவிட்டது. ஒரு பக்கமாகச் சரிந்தேன். பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டேன். "அய்யா" என்றேன். வேறு எதுவும் சொல்ல நேரமில்லை. கோதை அடுக்களைக்கு ஓடியது மட்டும் கண்ணுக்கு முன் வந்தது.

அப்போது பாதம் மேலே எழும்பியது. நான் தூக்கவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். எழும்பாது என்று மருத்துவர் பயந்த அதே பாதம், ஆடிக்கொண்டிருந்த வளையத்தைத் தேடி, தானாக நுழைந்து ஊன்றிக்கொண்டது. நிமிர்ந்துவிட்டேன். நான்காவதாக வந்தேன். விழுந்தவரும் தோளைப் பிடித்தபடி எழுந்து நடந்துவிட்டார்.

பந்தயம் முடிந்ததும், குறித்த இடம் வரும்வரை நாங்கள் குதிரையை விட்டு இறங்கக் கூடாது. அங்கே இறங்கி, சேணத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, தராசில் நின்று எடை காட்ட வேண்டும். அதெல்லாம் முடித்து வந்து போனை எடுத்தால் அம்மாவிடமிருந்து ஏழு அழைப்புகள். என் பந்தயம் எதையும் அம்மா பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் கணவரின் போனில் பார்த்திருக்கிறார்.

நான் அழைத்ததும், ஜெயித்தாயா என்று கேட்கவில்லை. அடிபட்டதா என்றும் கேட்கவில்லை.

"இறங்கிட்டியா?"

இதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா விடுப்பில் வரும்போது ராஜபாளையம் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்து ஒரே வார்த்தை சொல்வார்: "இறங்கிட்டேன்." அதன் பிறகுதான் அம்மா உலை வைப்பார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு உயிரோடு வந்து சேர்ந்துவிட்டேன் என்று பொருள்.

"இறங்கிட்டேன்மா" என்றேன்.

அம்மா சொன்னார்: "நான் இறங்கணும்னுதான கேட்டேன். ஏறக் கூடாதுன்னு கேக்கலியே. வாய் தவறிச் சொன்னேனோ, அவருதான் அப்படிச் சொல்ல வச்சாரோ. சரி, பிள்ள அழுவுறா, வைக்கேன்."

பிள்ளை அழவில்லை. பின்னால் அவள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

நான் ஊருக்கு வந்து கோவிலுக்குப் போனபோது என் குதிரைக்குப் பக்கத்தில் இன்னொன்று நின்றது. பெரிய, விழித்த கண்கள். பந்தயத்துக்கு மறுநாளே அம்மா தனியாக வேளாரிடம் போய்க் கண் திறக்கச் சொல்லி, நான்கு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி வந்து வைத்திருக்கிறார். மேளம்கூட வைக்கவில்லையாம்.

இப்போது நான் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் ஏறுவதற்காக வேண்டுவதில்லை, இறங்குவதற்காகத்தான் வேண்டுகிறேன். இறங்கியதும் முதல் வேலை வீட்டுக்குப் போன். முன்பு பந்தயம் முடிந்தால் அடுத்த குதிரை எது என்றுதான் கேட்பேன். அந்த அவசரம் போய்விட்டது. கால் இழந்து, வேலை இழந்து, நம்பிக்கை இழந்து படுத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், எழுந்து கோவிலுக்குப் போக வேண்டும் என்றுகூட இல்லை. படுத்த இடத்திலிருந்தே கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் அம்மா தப்பான வார்த்தையில் கேட்டதையும் அவர் எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் போன வாரம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "கார்த்திகைக்கு மறுபடியும் போவியா?" என்று கேட்டார். அடுத்த பந்தயங்கள் கார்த்திகையில்தான் தொடங்குகின்றன. போவேன் என்றேன். "சரி" என்றார். அந்தச் சரியில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அன்றிலிருந்து எனக்கு உறக்கம் சரியில்லை. அம்மா உண்மையிலேயே நம்பித்தான் அந்தக் குதிரைக்குக் கண் திறந்தாரா, இல்லை நான் நிம்மதியாகப் போகட்டும் என்று தன் வேண்டுதலைத் தானே விட்டுக்கொடுத்தாரா? கேட்டால் சொல்லமாட்டார். கேட்கவும் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்களில் யாராவது, வீட்டில் ஒருவர் நேர்ந்ததற்கு எதிராக இன்னொருவர் நேர்ந்து, இரண்டையும் தீர்த்திருக்கிறீர்களா? எப்படித் தீர்த்தீர்கள்? நான் அம்மாவிடம் நேராகக் கேட்டுவிடட்டுமா, இல்லை அந்தக் கண்களை அப்படியே நம்பிவிடட்டுமா? கார்த்திகைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நான் மறுபடி ஏறுவதற்குள் எனக்குச் சொல்லுங்கள்.